தம்பி "நான் கே (gay)"ன்னு சொல்லிட்டான், வீட்ல ஜெபம் நடக்குது, பேச்சுதான் நின்னுபோச்சு: ஒரு அக்காவோட கடிதத்துக்கு பதில்

இந்தக் கடிதம் எழுதினவங்க தென்மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல இருக்காங்க. 34 வயசு, ஸ்கூல் டீச்சர், 8 வயசுலயும் 5 வயசுலயும் ரெண்டு பையன்க, கோயில்ல சண்டே ஸ்கூலும் எடுக்குறாங்க. ஊர் பேரோ சபை பேரோ நான் இங்க போடல, அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சில விஷயங்களையும் மாத்திட்டேன். அவங்களுக்கு ஒரே தம்பி, 27 வயசு, சென்னையில ஐடி வேலை, சின்ன வயசுல இருந்தே கொயர்ல டெனர் பாடுறவர். சபையே சேர்ந்து சாப்பிடுற அசன பண்டிகைக்கு ஊருக்கு வந்தப்போ வீட்ல பொண்ணு பாக்குற பேச்சு சூடு பிடிக்கவும், அக்காவ மட்டும் மொட்ட மாடிக்கு கூட்டிட்டுப் போயி, "நான் கே. எனக்கு பொண்ணுங்க மேல அந்த ஈர்ப்பு என்னைக்குமே வந்ததில்ல, அத மறைச்சு ஒரு பொண்ண கட்டிக்க என்னால முடியாது"ன்னு சொல்லிருக்கார்.

அக்காவுக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல, மறுநாள் அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. அம்மா ஐயரம்மாகிட்ட, அதாவது போதகரோட மனைவிகிட்ட, ஜெபக்குறிப்பா சொல்லிருக்காங்க, அது பெண்கள் ஐக்கிய சங்க ஜெபக் கூட்டத்துக்குப் போயி, கொஞ்ச நாள்ல சபை முழுக்க தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் சாயங்காலம் கொயர் வாட்ஸப் குரூப்ல இருந்து தம்பிய ரிமூவ் பண்ணிட்டாங்க, ஒரு வார்த்தை காரணம் சொல்லல. அம்மா அவர் தூங்குற தலகாணியில அபிஷேக எண்ணெய் தேச்சு வச்சிருக்காங்க, காலையில உறையில மஞ்சளா கறை பாத்துட்டு அவர் ஒண்ணும் பேசாம உறைய கழட்டி தானே துவைச்சு காயப்போட்டுட்டு அன்னைக்கே சென்னைக்கு கிளம்பிட்டாராம். இப்போ தினமும் ராத்திரி பிசாச துரத்துற விடுதலை ஊழியம் பண்ற ஒரு பிரதர் வீடியோ கால்ல வந்து அவர் பேரச் சொல்லி "வெளியே போ"ன்னு கத்துறார், அம்மா அழுவாங்கன்னு தம்பியும் போன எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கார். அப்பாவோட முடிவு வேற. கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்னு பக்கத்து சபையில ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கார், அடுத்த மாசம் ஓலை வாசிக்கணும்னு, அதாவது கோயில்ல கல்யாண அறிவிப்பு குடுக்கணும்னு நிக்கிறார்.

அக்கா கேக்குறது இதுதான். ஜெபத்துலயோ கவுன்சிலிங்லயோ இது மாறுமா, இல்ல இது ஒரு ஆவியா. வேதம் இதப் பத்தி என்ன சொல்லுது. கல்யாணம் பண்ணி வச்சா தப்பா. "நான் பாவிய நேசிக்கிறேன், பாவத்தத்தான் வெறுக்கிறேன், அப்படியும் அவன் என்னைப் பாத்து நீயும் அவங்க மாதிரிதான்னு சொல்றான், நான் என்ன தப்பு பண்ணேன்." என் பையன்கள அவன்கூட தனியா விடலாமா. கடிதத்தோட கடைசியில, ஓரத்துல, பேனா மாத்தி எழுதின மாதிரி ஒரு வரி: "போன வாரம் போன்ல, நான் இல்லாம போயிட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதிதானன்னு கேட்டான், சும்மா பயமுறுத்துறான்னு அப்பா சொல்றார்."

அன்பு சகோதரி,

நீங்க கடைசியா எழுதின வரியத்தான் நான் முதல்ல எடுத்துக்கிறேன், ஏன்னா மத்த எந்தக் கேள்வியும் நாளைக்கு வரைக்கும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இன்னைக்கே பண்ண வேண்டியது

"நான் இல்லாம போயிட்டா"ன்னு ஒருத்தர் சொன்னா அத பயமுறுத்தல்னு எடுத்துக்கவே கூடாது. கவுன்சிலிங்குக்கு என் அறைக்கு வர்ற பல பேர் இதே வாக்கியத்த வீட்ல ஏற்கனவே சொல்லிட்டுத்தான் வந்திருப்பாங்க, வீட்ல யாரும் காதுல வாங்கிருக்க மாட்டாங்க. இந்த பதிலப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தம்பிக்கு போன் பண்ணுங்க. நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதாடா உனக்கு"ன்னு. இப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு நிறைய பேருக்கு பயம் இருக்கு, அது அப்படி இல்ல, கேக்குறது ஒரு மனுஷனுக்கு மூச்சு விட இடம் குடுக்கும். ஆமான்னு சொன்னா அவர் கூட யார் தங்கியிருக்காங்கன்னு கேளுங்க, முடிஞ்சா ராத்திரி பஸ் ஏறி நீங்களே போங்க. 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். சென்னையில சினேகா அமைப்போட நம்பர் 044 24640050. ரெண்டையும் அவருக்கு அனுப்பி விடுங்க, நீங்களும் வச்சுக்கோங்க, இந்த நாட்கள்ல உங்களுக்கும் தேவைப்படலாம்.

அந்த ராத்திரி வீடியோ கால் இன்னையோட நிக்கணும். அம்மாகிட்ட இத சொல்றது கஷ்டம்னு தெரியும், ஆனா இதுல நீங்க மெதுவா போக முடியாது. தன் பேரச் சொல்லி ஒரு ஆள் தினமும் பிசாச துரத்துறத, எதிர்ல அம்மா அழுதுட்டு இருக்க, 27 வயசு மனுஷன் உக்காந்து கேட்டுட்டு இருக்கார்னா அவருக்குள்ள என்ன சேருதுன்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில கெய்ட்லின் ரயன்னு ஒருத்தங்க குழு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள்ல, வளர்ற வயசுல வீட்டோட ரொம்ப ஒதுக்கப்பட்டவங்க, அவ்வளவா ஒதுக்கப்படாதவங்கள விட 8.4 மடங்கு அதிகமா தற்கொலை முயற்சி பண்ணிருந்தாங்கன்னு அதுல வருது. அதே குழு மதப் பற்றுள்ள குடும்பங்களோட நிறைய வேலை செஞ்சிருக்காங்க, அவங்க பாத்தது என்னன்னா, வீடு தன் நம்பிக்கைய மாத்திக்கலன்னா கூட நடத்தைய மாத்திக்கிட்டா போதும், பிள்ளையோட ஆபத்து குறையுது. நடத்தைன்னா திட்டாம இருக்குறது, துரத்தாம இருக்குறது, சாப்பிட்டியான்னு கேக்குறது. இத அம்மாகிட்ட இப்படியே சொல்லுங்க, உங்க விசுவாசத்த விடச் சொல்லல, பிள்ளை உயிரோட இருக்கணும்னு கேக்குறோம்னு.

இதோட ஒரு சின்ன விஷயம், கோவிச்சுக்காதீங்க. தம்பி மாடியில சொன்னது உங்ககிட்ட மட்டும். நீங்க பதட்டத்துல அம்மாகிட்ட சொன்னீங்க, கெட்ட எண்ணம் துளியும் இல்ல, ஆனா அங்கதான் அது அவர் கைய விட்டுப் போச்சு. நம்ம சபைகள்ல ஜெபக்குறிப்புங்கிற பேர்ல ஒருத்தரோட அந்தரங்கம் எவ்வளவு வேகமா ஊர் சுத்தும்னு உங்களுக்கே தெரியும். "நீயும் அவங்க மாதிரிதான்"னு அவர் சொன்னதுக்கு முதல் காரணம் இதுவா இருக்கலாம். நியாயம் சொல்லாம, "உன்ன கேக்காம சொல்லிட்டேன், மன்னிச்சிரு"ன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்குப் பின்னாடி "ஆனா" போடாதீங்க.

ஜெபத்துலயோ சிகிச்சையிலயோ மாறுமா

மாறாது. இத நான் சுத்தி வளைச்சு சொன்னா உங்களுக்கு நான் துரோகம் பண்றேன்னு அர்த்தம். இது நோய் இல்ல, அதனால குணமாக்க ஒண்ணும் இல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973லயே இத நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனம் 1990ல எடுத்துச்சு, நம்ம இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018ல இது நோய் இல்லன்னு வெளிப்படையா அறிக்கை விட்டாங்க. 2017ல வந்த நம்ம மனநலச் சட்டத்துலயே, ஒருத்தர் தன்னோட சமூகத்தோட ஒழுக்க வழக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகலங்கிறத வச்சு அவர மனநோயாளின்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு இருக்கு.

இத மாத்த முடியும்னு ஜெபத்தோட, கண்ணீரோட, முழு நல்லெண்ணத்தோட முயற்சி பண்ணிப் பாத்த கிறிஸ்தவங்க கதையையும் நீங்க தெரிஞ்சுக்கணும், ஏன்னா உங்க அம்மா இப்போ போயிட்டு இருக்குற வழியில அவங்க 37 வருஷம் நடந்து பாத்துட்டாங்க. அமெரிக்காவுல எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்னு ஒரு ஊழியம், 1976ல ஆரம்பிச்சது, தன்பாலீர்ப்புள்ளவங்கள கிறிஸ்துவுக்குள்ள மாத்துறதுதான் அவங்க வேலை, நூத்துக்கணக்கான கிளை ஊழியங்கள், மாறிட்டேன்னு சாட்சி சொன்னவங்க ஏராளம். ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான மைக்கேல் பஸ்ஸியே சில வருஷத்துல வெளிய வந்துட்டார், அதே ஊழியத்துல இருந்த இன்னொரு ஆணத்தான் அவர் நேசிச்சார். கடைசித் தலைவரா இருந்தவர் ஆலன் சேம்பர்ஸ். தான் சந்திச்சவங்கள்ல 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லன்னு 2012ல அவரே சொன்னார், அடுத்த வருஷம் ஜூன்ல தங்களால காயப்பட்டவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு அந்த அமைப்ப இழுத்து மூடிட்டாங்க. இவர் நாத்திகர் இல்ல சகோதரி, வேதத்த கையில வச்சிட்டு இருந்தவர். அங்க ஜெபம் குறைவா நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. மாறலன்னதும் "என் விசுவாசம் பத்தல, ஆண்டவர் என்னை கை விட்டுட்டார்"னு நம்பி நொறுங்கினவங்க எத்தனையோ பேர், உங்க தம்பி இப்போ அந்த இடத்துலதான் நிக்கிறார்னு எனக்கு பயமா இருக்கு.

சட்டத்தையும் சொல்லிடறேன். மதுரையில இருந்து பாதுகாப்பு தேடி சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ்ல, 2021 ஜூன் மாசம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு குடுத்தார். இந்த விஷயம் தனக்கு சரியா தெரியலன்னு ஒத்துக்கிட்டு, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கப்புறம்தான் எழுதினார். தன்பாலீர்ப்ப மருத்துவத்தால மாத்துறேன்னு யார் கிளம்பினாலும் அது தடைன்னு அதுல இருக்கு. அதத் தொடர்ந்து 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி சிகிச்சை குடுக்குறது டாக்டரோட தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சுது. உங்க சித்தப்பா ஒரு "ஸ்பெஷலிஸ்ட்" பத்தி சொன்னதா எழுதிருக்கீங்க, அதனால அவர்கிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க. ஊசி, மாத்திரை, ஷாக்னு எதையாவது குடுக்குறேன்னு யாராவது சொன்னா அவங்க மேல மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுக்கலாம். அவர ஊருக்கு வரவச்சு ஜெப வீட்ல மூணு நாள் பூட்டி வைக்கலாம்னு அம்மா பேசினதா எழுதிருக்கீங்க. அவர் மேஜர், அவர் விருப்பமில்லாம அடைச்சு வச்சா அது பாரதிய நியாய சன்ஹிதாவுல குற்றம், பெத்தவங்கன்னு தனிச் சலுகை கிடையாது. 2025 மே மாசம் கூட, வீட்ல அடைச்சு வச்சிருந்த ஒரு இளம்பெண்ண உயர் நீதிமன்றம் அவங்க துணையோட அனுப்பி வச்சுது, கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்லன்னும் சொல்லுச்சு.

"இது வெளிநாட்டு கலாச்சாரம்"னு அப்பா சொல்றாராம். தன்பாலுறவ குற்றம்னு சொன்ன 377ங்கிற சட்டப் பிரிவுதான் வெளிநாட்ல இருந்து வந்துச்சு, 1860ல வெள்ளைக்காரன் எழுதினது. 2018 செப்டம்பர் 6ம் தேதி சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிகளும் ஒரே குரல்ல, வயசு வந்தவங்க சம்மதத்தோட வாழ்றத அதுல இருந்து எடுத்தாங்க. கிறிஸ்தவ அமைப்புகள் சிலது அந்த வழக்குல அதுக்கு எதிரா போய் நின்னாங்க, அது எனக்கு இன்னமும் வலிக்குது. பாவம்னு நம்புறது ஒண்ணு, அதுக்காக மனுஷன ஜெயில்ல போடணும்னு கோர்ட்ல போய் கேக்குறது வேற. ஒரே பால்காரங்க கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் இன்னும் இல்ல, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுத்துடுச்சு, ஆனா உங்க தம்பி கேயா இருக்குறதுல சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல.

வேதம் என்ன சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்க

நான் போதகர் இல்ல, ஆனா ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்காந்து வளர்ந்தவ, நீங்க எந்த வசனங்கள மனசுல வச்சு கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். லேவியராகமம் 18, 20, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6, ஆதியாகமம் 19ல சோதோம். இத எப்படி படிக்கணுங்கிறதுல வேதத்த மதிக்கிற கிறிஸ்தவங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, அத நான் மறைக்க மாட்டேன். அந்த உறவு எந்த நிலையிலயும் தப்புன்னு படிக்கிறவங்க இருக்காங்க, நம்ம ஊர் சபைகள்ல பெரும்பாலும் அப்படித்தான். அந்த வசனங்கள் அன்னைக்கு இருந்த அடிமை முறையையும் விக்கிரக ஆராதனையையும் பேசுது, ரெண்டு பேர் உண்மையா சேர்ந்து வாழ்றத அது பேசவே இல்லன்னு படிக்கிறவங்களும் இருக்காங்க. ஸ்வீடன் லூத்தரன் சபை 2009ல இருந்து இவங்களுக்கு கல்யாணமே நடத்தி வைக்குது. இதுல நீங்க எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்றது என் வேலை இல்ல.

என் வேலை வேற ஒண்ணு. நீங்க வேதத்துல இருந்து எடுத்ததா நினைக்கிறதுல எவ்வளவு நிஜமாவே வேதத்துல இருக்கு, எவ்வளவு ஊர்ப்பேச்சுல இருந்து ஒட்டிக்கிட்டதுன்னு பிரிச்சுப் பாக்கச் சொல்றேன். "ஆவி பிடிச்சிருக்கு"ன்னு சொல்றீங்க, நீங்க காட்டுற அந்த வசனங்கள்ல ஒண்ணுல கூட பிசாசு வரல. "வளர்ப்பு சரியில்ல, நான் செஞ்ச பாவம்"னு அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிறாங்க. யோவான் 9ல சீஷர்கள் பிறவியிலயே பார்வையில்லாத ஒரு மனுஷன காட்டி, இவன் செஞ்ச பாவமா இவனப் பெத்தவங்க செஞ்ச பாவமான்னு கேக்குறாங்க, ரெண்டும் இல்லன்னு இயேசு அந்தக் கேள்வியவே தள்ளிடறார். ஒருத்தர் மத்தவங்கள மாதிரி இல்லன்னா உடனே யாரு பாவம்னு தேடுற புத்தி அன்னைக்கே இருந்திருக்கு. சோதோமோட அக்கிரமம் என்னன்னு எசேக்கியேல் 16:49 பட்டியல் போடுது. கெர்வம், ஆகாரத்திரட்சி, கவலையில்லாத சுகவாழ்வு, ஏழை எளியவனோட கையப் பிடிச்சுத் தூக்காம விட்டது. அடுத்த வசனத்துல அருவருப்புன்னும் வருது, அத நான் விட்டுட்டு சொல்லல. ஆனா நாம இத்தன வருஷம் சோதோம்னு பிரசங்கம் கேட்டோமே, சாப்பாட்டுக் கொழுப்பப் பத்தி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

"பாவிய நேசி, பாவத்த வெறு"ங்கிற வாக்கியம் வேதத்துல எங்கயும் இல்ல, அகஸ்டின் ஒரு கன்னியர் மடத்துக்கு எழுதின கடிதத்துல இத ஒத்த ஒரு வரி வருது. அது நல்ல வரிதான். ஆனா நம்ம வாயில அது யாருக்கு மட்டும் வருதுன்னு பாருங்க. உங்க கல்யாணத்துல 75 பவுன் போட்டதா நீங்களே எழுதிருக்கீங்க, மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கினது, 1961லயே அது சட்டப்படி குற்றம், ஏழை தகப்பனோட ரத்தத்த உறிஞ்சுற விஷயம், அந்தக் கல்யாணத்துலயும் ஐயர் ஆசீர்வாதம் சொன்னார், உங்க மாமனார் இன்னைக்கும் சபை நிர்வாகத்தப் பாக்குற சேகரக் கமிட்டியில இருக்கார். யாராவது அவர்கிட்ட போயி "உங்கள நேசிக்கிறோம், உங்க வரதட்சணையத்தான் வெறுக்கிறோம்"னு சொன்னாங்களா? திருச்சி மேலப்புதூர்ல செத்தவங்களுக்கு நடுவுலயே சாதிச் சுவர் இருந்த கல்லறைத் தோட்டம் கிறிஸ்தவங்களோடதுதான். அந்த சுவர எழுப்பினவங்கள எந்த வாட்ஸப் குரூப்ல இருந்து எடுத்தாங்க? எல்லாப் பாவத்துக்கும் ஒரே அளவுகோல் வச்சா அது கொள்கை. கொயர்ல குடிக்கிறவர் இருக்கலாம், பொண்டாட்டிய அடிக்கிறவர் இருக்கலாம், வட்டிக்கு விட்டு சொத்து எழுதி வாங்குறவர் இருக்கலாம், யாரோடயும் சேராத, இன்னைக்கு வரைக்கும் எதுவும் செய்யாத ஒரு பையன் தன் மனசுல இருக்குறத ஒரு ராத்திரி அக்காகிட்ட சொன்னதுக்காக மட்டும் வெளிய போகணும்னா, அது வேதத்துல இருந்து வந்தது இல்ல சகோதரி, அருவருப்புல இருந்து வந்தது. தப்பெண்ணம்னு நான் சொல்றது இதத்தான், தம்பிக்கு உங்ககிட்ட தெரிஞ்சதும் இதுதான்னு நினைக்கிறேன்.

இந்த உறவ ஏத்துக்காத சபைகளோட எழுத்துலயே கூட உங்க சபை செஞ்சதுக்கு இடம் இல்ல. கத்தோலிக்க மறைக்கல்வி ரொம்ப கடுமையான வார்த்தைகள்ல இந்த உறவ மறுக்குது, ஆனா அதே பக்கத்துல, 2358ம் எண்ல, இவங்கள மரியாதையோடயும் இரக்கத்தோடயும் ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்குறதோட சாயல் கூட இருக்கக் கூடாதுன்னு எழுதிருக்கு. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உறுப்பா இருக்குற ஆங்கிலிக்கன் ஐக்கியத்தோட பிஷப்மார் கூடின 1998 லாம்பெத் மாநாட்டுல, இந்த உறவு வேதத்துக்கு ஒவ்வாதுன்னு தீர்மானம் போட்டாங்க, எல்லாரும் அந்த ஒரு வரியத்தான் எடுத்துக் காட்டுவாங்க. அதே தீர்மானத்துல, தன்பாலீர்ப்புள்ளவங்க அனுபவத்த காது குடுத்துக் கேக்கணும்னும், அவங்க மேல இருக்குற காரணமில்லாத பயத்த கண்டிக்கிறோம்னும் இருக்கு. உங்க சபையில யாராவது அவர் சொல்றத ஒரு தடவ காது குடுத்துக் கேட்டாங்களா? நீங்களே ஐயர்கிட்ட போயி கேளுங்க, சண்டையா வேண்டாம், "எந்த ஒழுங்குமுறைப்படி என் தம்பிய கொயர்ல இருந்து எடுத்தீங்க, அவர்கிட்ட ஏன் பேசல"ன்னு. பதில் இல்லாம அவர் தடுமாறலாம், அதுவும் நல்லதுதான். ஆனா போறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போங்க, இந்த தடவ.

தம்பிக்கு ஒரு வசனம் குடுக்கணும்னு ஆசையா இருந்தா ரோமர் 1 குடுக்காதீங்க, அவருக்கு அது மனப்பாடம். ஏசாயா 56 குடுங்க. அண்ணகர்கள், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவங்க, கர்த்தருடைய சபைக்குள்ள வரவே கூடாதுன்னு உபாகமம் 23ல இருந்த சட்டத்துக்கு எதிர்ல, அவங்களுக்கு என் ஆலயத்துல, என் மதில்களுக்குள்ள, குமாரர் குமாரத்திகள விட நல்ல பேர குடுப்பேன்னு ஆண்டவர் சொல்ற இடம். கேயும் அண்ணகரும் ஒண்ணு இல்ல, ஆனா கோயில் வாசல்ல நிறுத்தி வைக்கப்பட்ட ஒருத்தருக்கு அந்த அதிகாரம் என்ன சொல்லும்னு உங்களுக்குப் புரியும்.

அந்தப் பொண்ணப் பத்தி யாரும் பேசல

உங்க கடிதத்துல அந்தப் பொண்ணு ஒரே வரியில வர்றாங்க, "நல்ல குடும்பம், பிஎட் முடிச்சிருக்கா". அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. தன் புருஷன் தன்னைத் தொட ஏன் தயங்குறார்னு தெரியாம, தன் உடம்புலதான் குறைன்னு நினைச்சு நினைச்சு வருஷக்கணக்கா கரைஞ்சுபோன பொண்ணுங்க என் முன்னாடி உக்காந்து அழுதிருக்காங்க, ஒருத்தங்க பத்து கிலோ எடை குறைச்சுட்டு அப்பவும் "இன்னும் குண்டா இருக்கேனோ"ன்னு கேட்டாங்க. கல்யாணம் ஒரு ஆணோட ஈர்ப்ப மாத்தினதா நான் பாத்ததே இல்ல. உங்க தம்பி அந்தத் தப்ப செய்ய மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டார், இந்த வீட்லயே நேர்மையா நடந்துக்கிட்டது அவர்தான்.

அப்பாவுக்கு மனசாட்சி பேச்சு ஏறலன்னா சட்டத்த சொல்லுங்க. தெரிஞ்சே மறைச்சு கட்டி வச்சா, என் சம்மதத்த ஏமாத்தி வாங்கினாங்கன்னு அந்தப் பொண்ணு டைவர்ஸ் ஆக்ட்ல கல்யாணமே செல்லாதுன்னு கேக்க இடம் இருக்கு, நகை பணம் கை மாறியிருந்தா வரதட்சணை வழக்கும் சேரும், குடும்ப வன்முறைச் சட்டத்துல உங்க வீட்டுப் பெரியவங்க பேரும் வரலாம். எது எப்படிப் போகும்னு கேஸப் பொறுத்தது, ஒரு வக்கீல பாத்து கேட்டுக்கோங்க, 15100க்கு அடிச்சா இலவச சட்ட உதவி கிடைக்கும். ஓலை வாசிச்ச பிறகு நிறுத்துறதுக்கும் இப்போ நிறுத்துறதுக்கும் அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம்னு ஊர்ல வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காரணம் சொல்லணும்னு அவசியமே இல்ல, "பையனுக்கு இப்போ கல்யாணத்துல விருப்பம் இல்ல"ன்னு சொன்னா போதும், அது முழு உண்மையும் கூட.

உங்க பையன்களும் தம்பியும்

இந்தக் கேள்விய எழுதுறப்போ உங்களுக்கே கூசியிருக்கும், எழுத்துலயே தெரியுது. ஆனாலும் கேட்டது நல்லது, ஏன்னா நிறைய பேர் கேக்காமலே மனசுல வச்சுக்கிட்டு பிள்ளைகள இழுத்துக்குவாங்க. ஒரு ஆண் இன்னொரு வயசு வந்த ஆண் மேல ஈர்ப்பு கொள்றதுக்கும் குழந்தைகள்கிட்ட தப்பா நடக்குறதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு பொண்ணுங்க மேல ஈர்ப்பு இருக்குங்கிறதுக்காக அவர சண்டே ஸ்கூல் பொண்ணு பிள்ளைகள்கிட்ட இருந்து தள்ளி வைக்கிறீங்களா, அதே மாதிரிதான் இதுவும். மத்திய அரசோட பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, பாலியல் தொல்லை குடுத்தவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க, நம்பிக்கையான இடத்துல இருந்தவங்கன்னு வந்துச்சு. அதனால நல்ல தொடுதல் கெட்ட தொடுதல உங்க பையன்களுக்கும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லிக்குடுங்க, குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரயும் சொல்லி வைங்க, எந்தப் பெரிய மனுஷனா இருந்தாலும் மறைக்காம அம்மாகிட்ட சொல்லணும்னு பழக்குங்க. அது எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு, தாய்மாமா ஒருத்தர மட்டும் குறி வச்சு போடுற வேலி இல்ல.

மாமா ஏன் இப்போ வீட்டுக்கு வர்றதில்லன்னு பெரியவன் கேட்டதுக்கு "மாமாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொன்னீங்களாம். அத திருத்திடுங்க. அவர் நல்லாத்தான் இருக்கார், பெரியவங்களுக்குள்ள ஒரு வருத்தம், நாங்க சரி பண்ணிட்டு இருக்கோம்னு சொல்லுங்க, 8 வயசுக்கு அது போதும். உங்க சண்டே ஸ்கூல் வகுப்புலயும் நாளைக்கு இப்படி ஒரு பிள்ளை வளர்ந்துட்டு இருக்கலாம், நீங்க இன்னைக்கு என்ன வார்த்தை பேசுறீங்கன்னு அது கவனிச்சுட்டுத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு தனியா ஒரு ஆள் வேணும். ஊர்ல பேச முடியாதுன்னா போன்லயே ஒரு கவுன்சிலர்கிட்ட பேச வைங்க, ஆனா "மாத்தித் தர்றேன்"னு சொல்ற ஆள்கிட்ட போகாதீங்க. சென்னையில ஓரினம்னு ஒரு குழு இருக்கு, இப்படிப் பிள்ளைகளப் பெத்தவங்க தமிழ்ல எழுதினது, பேசினது எல்லாம் அவங்ககிட்ட கிடைக்கும். தன்ன மாதிரியே அழுத இன்னொரு அம்மா சொன்னா உங்க அம்மா கேப்பாங்க, நான் சொல்றத விட. அப்பாவுக்கு நாள் ஆகும், அவர இப்போதைக்கு கல்யாணப் பேச்ச நிறுத்த வச்சாலே போதும்.

தம்பி கிறிஸ்மஸுக்கு வரட்டுமான்னு மெசேஜ் போட்டிருக்கார், நீங்க இன்னும் பதில் போடலன்னு எழுதிருக்கீங்க. வான்னு சொல்லுங்க. உங்க வீட்ல தங்கச் சொல்லுங்க, அம்மா வீட்ல வேண்டாம் இந்த தடவ. கோயிலுக்கு வர்றதும் வராததும் அவர் இஷ்டம், வந்தா நீங்க பக்கத்துல உக்காருங்க, பெஞ்ச் மாறாதீங்க. அவர்கிட்ட பேசினதுக்கு அப்புறம் எனக்கு எழுதுங்க, அவருக்கு சம்மதம்னா அவரையும் எழுதச் சொல்லுங்க.